கொப்பரைச் சந்தில் ஒரு மட்டக்கோடு

டர்பன்டைனில் நனைத்த பனியன் துணியை நாலாக மடித்து, சுவரில் அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் லிஜினா. ஞாயிற்றுக்கிழமை. கொப்பரைச் சந்தில் கைவண்டியும் லாரியும் கிடையாது, பூனைகளும் அவளும்தான். சுவரிலிருக்கும் சிவப்பு பெயின்ட் கரைகிறது. கரைந்து போகிறதா என்றால் இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டு, சுற்றிலும் வெளிர் சிவப்பாகப் பரப்பிவிடுகிறது.

எதிரே டீக்கடை போட்டிருக்கும் அப்புட்டியேட்டனுக்கு இது வாராவாரம் பொழுதுபோக்கு.

"ஏய் லிஜி, போன வாரம் அது பொட்டு அளவு இருந்துச்சு. நீ தேய்ச்சுத் தேய்ச்சு இப்ப சாப்பாட்டுத் தட்டு அளவு ஆக்கிட்டே. இன்னும் கொஞ்ச நாள் வந்தேன்னா சந்து முழுக்க பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிரும். கார்ப்பரேஷனுக்குச் செலவு மிச்சம்."

"ஏட்டா, நீங்க டீயில கொஞ்சம் பால் ஊத்துங்க. இந்த ஊருக்கு அது போதும்."

"பாலு வேணும்னா பசுமாட்டுக்கிட்ட போ. எங்கிட்ட டீதான் கெடைக்கும்."

வாய் பதில் சொல்லும், கை நிற்காது. தேய்த்த இடத்தைத் தள்ளி நின்று பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி துணியை நனைப்பாள். நகக்கண்களில் எப்போதும் ஒரு சிவப்பு ஓடிக்கிடக்கும். மருதாணி என்று நினைத்து ஒரு கிழவி, "கல்யாணமா மோளே?" என்று கேட்டதற்கு, "ஆமா, சுவரோட," என்று சொல்லிவிட்டுப் போனவள் இவள்.

ஆள் குட்டை. தோளில் ஒரு கித்தான் பை, அதற்குள் தட்டைக் கத்தி, பசை, உருட்டிய தாள்கள். பேன்ட் பாக்கெட்டில் ஒரு அளவு டேப். அதை இழுத்து விட்டு, 'சரக்' என்று உள்ளே ஓடவிடுவது அவளுடைய கெட்ட பழக்கம். யோசனை வந்தால் சரக். கோபம் வந்தால் சரக் சரக். பஸ்ஸில் ஏறினால் படியின் உயரத்தை அளப்பாள். ஓட்டலில் கை கழுவப் போனால் தொட்டியின் உயரத்தை இடுப்போடு வைத்துப் பார்த்து, "இதை வெச்சவனுக்கு முதுகே கெடையாதா?" என்று திட்டுவாள். வீட்டில் ஒரு வரன் பார்த்தார்கள். பையன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து அம்மாவிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அந்த வீட்டு மாடிப்படி செங்குத்தா இருக்கும்மா. என்னால ஆகாது." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சொந்த ஊர் தொட்டுமுக்கம் பக்கம், மலையடிவாரம். அப்பா ஜீப் ஓட்டுகிறார். கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, "மேஸ்திரி வேலைக்கு அஞ்சு வருசமா?" என்று கேட்ட மனிதர். ஆனாலும் சேர்த்துவிட்டார். பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல், முந்திரி மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கட்டடக்கலைப் பிள்ளைகளை மட்டும் மூன்றாம் வருடத்திலிருந்து கோழிக்கோட்டுக்குள் இறக்கிவிடுகிறார்கள். பெரிய தெருவில் ஒரு பெட்ஷீட் கடைக்கு மேலே இரண்டு மாடி; பெயர் டவுன் காம்பஸ். நகரத்தைப் படிக்க நகரத்துக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். கடைக்கும் காம்பஸுக்கும் ஒரே லிஃப்ட். அட்டையில் செய்த கட்டடங்களைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பிள்ளைகள் ஒரு பக்கமும், பெட்ஷீட் மூட்டையோடு கடைப்பையன்கள் மறுபக்கமும் நிற்பார்கள். "மொதல்ல மூட்டை, அப்புறம் அரண்மனை," என்பார் லிஃப்ட்காரர். வரைகிற கூடத்து ஜன்னலைத் திறந்தால் கீழே எங்கள் கொப்பரைச் சந்து. அங்கிருந்து பார்த்தால் ஓடுகள்தான் தெரியும், ஆட்கள் தெரியமாட்டார்கள்.

நாலாம் வருடம் படிக்கும்போதுதான் அவள் சந்துக்குள் வந்தாள். அந்த வருடப் பாடம் இதுதான்: ஒரு பழைய தெருவை அங்குலம் அங்குலமாக அளந்து வரைய வேண்டும், பிறகு அதே தெருவுக்கு ஒரு புது யோசனை சொல்லி, அட்டையில் மாடல் செய்து காட்ட வேண்டும். மேட மாதத்து வெயிலில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். மற்றவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிழல் தேடியபோது, லிஜினா சாக்கடையோரம் குந்தி உட்கார்ந்து வாசற்படிக்கல்லை அளந்துகொண்டிருந்தாள். டேப்பின் மறு நுனியைப் பிடிக்க ஷிபின் என்று ஒரு பையன். நல்லவன்தான், வாய் மட்டும் காது வரைக்கும்.

சந்து திரும்புகிற முனையில் சுலைகா இத்தாவின் வீடு; இத்தா என்றால் இங்கே அக்கா. ஓட்டுவீடு, ஒற்றை மாடிகூடக் கிடையாது. முன்னறையில் படுக்கை, பின்னறையில் அடுப்பு, அடுப்பைச் சுற்றி அரிசிமாவு. ஓட்டல்களுக்குப் பத்திரி சுட்டுக் கொடுப்பது இத்தாவின் தொழில். காகிதம் மாதிரி மெல்லிசாக, சுட்டதும் தேங்காய்ப்பாலில் நனைத்து அடுக்குவாள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று; புருஷன் போய் வருடங்களாயிற்று. தனி ஆள். ஆனால் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மாவு தேய்க்கிறவளுக்கு எங்கே தனிமை? சந்தில் போகிற வருகிற அத்தனை பேரும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள்.

முதல் நாளே ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "என்ன மோளே, காலையிலேர்ந்து சுவரை அளக்குறே? வயித்தை எப்ப அளப்பே? வா உள்ளே."

அன்றிலிருந்து அவளுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். ஷிபினுக்கும். சாப்பிட்டுக்கொண்டே அவள் கண் கூரைச் சட்டத்தை எண்ணும். இத்தா தலையில் போட்ட தட்டத்தின் நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். "சட்டத்தைத் தின்னாதே மோளே, பத்திரியைத் தின்னு."

இனி அந்தச் சிவப்புக்கு வருவோம். தெரு மேடும் பள்ளமுமாகக் கிடந்தால், எந்த வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு நுனியை இந்தச் சுவரிலும் மறு நுனியை அந்தச் சுவரிலும் பிடிப்பார்கள். தண்ணீர் நிற்கிற இடம் இரண்டிலும் ஒரே மட்டம். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். சாதாரணமாகச் சாக்பீஸில் போடுவார்கள். நாலு நாளில் தானாகப் போய்விடும். லிஜினாவுக்கு அது போதவில்லை. இடவப்பாதி மழை வந்தால் அழிந்துவிடும், மறுபடி சரிபார்க்க முடியாது என்று, முனைக்கடையில் ஒரு சின்ன டப்பா சிவப்பு எனாமல் வாங்கி, பிரஷ்ஷால் அழகாக ஒவ்வொரு வாசல் ஓரத்திலும் ஒரு கோடும் அம்புக்குறியும் ஓர் எண்ணும் எழுதினாள். கவனம் கூடிப்போனது. தப்பு என்றால் அதுதான் தப்பு. சோம்பேறியாக இருந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

பைபாஸ் ரோட்டை அகலப்படுத்தியபோது வீடுகளில் இதே மாதிரிதான் சிவப்பாகக் குறித்துவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் சுவரில் சிவப்பைக் கண்டால் பின்னாலேயே ஜேசிபி வரும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். மலையடிவாரத்துப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

இத்தா கேட்டாள்தான். பத்திரி தட்டை வைத்துக்கொண்டே, "இதெல்லாம் எதுக்கு மோளே? எங்க சந்துல என்ன வரப்போகுது?" என்று.

லிஜினா பதில் சொல்வதற்குள் ஷிபின் முந்திக்கொண்டான். "பெரிய ரோடு வரும் இத்தா. அப்புறம் பாருங்க, உங்க வாசல்ல பென்ஸ் கார் நிக்கும். ‘சுலைகா பத்திரி இருக்கா'ன்னு அரபி வந்து கேப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். இத்தாவும் சிரித்தாள். லிஜினா வாயில் பத்திரியோடு சிரித்தாள். 'அதெல்லாம் இல்லை இத்தா, இது வெறும் படிப்பு' என்று சொல்ல நினைத்ததாக இப்போது சொல்கிறாள். நினைத்தது நிஜமாகக்கூட இருக்கும். வாயில் பத்திரி இருந்ததே.

அளவெடுத்து முடிந்ததும் பிள்ளைகள் மாடிக்கு ஏறிப்போனார்கள். ஏறினால் இறங்குவது அபூர்வம். அந்தப் படிப்பு அப்படி. மழைக்காலம் முழுக்க அவள் அட்டையும் கத்தியுமாக இருந்தாள். சந்து முழுவதையும் வரைந்து, எந்த வீடு நல்ல நிலையில், எது மோசம் என்று நிறம் கொடுக்க வேண்டியிருந்தது. முனைவீட்டுக்கு 'மோசம்' என்று நிறம் கொடுத்தாள். சுவர் ஈரம் வாங்கியிருந்தது, ஓட்டுச்சட்டம் உளுத்திருந்தது, பொய் ஒன்றுமில்லை. அப்புறம் யோசனை வந்தது. நெருக்கடியான இந்தச் சந்துக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். முனையிலே ஒரு முற்றம், நடுவில் பெரிய மரம், சுற்றிலும் உட்கார மேடை. பாடம் நடத்தும் ஜயதேவன் சார் அவள் மேஜைக்கு வந்து, தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "பலே," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. லிஜினா அன்று முழுக்கத் தரையில் கால் படாமல் திரிந்தாள்.

முற்றத்துக்கு இடம் எங்கே என்று கேட்காதீர்கள். முனையில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது.

கீழே சந்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. ரோடு வருகிறது என்று முதலில் யார் சொன்னது என்று இன்றைக்குவரை தெரியாது. அப்புட்டியேட்டன் கடையில் அது டீயோடு சேர்ந்து போணியாயிற்று. பாதி வீடு போகும், மீதி நிற்காது, இழப்பீட்டுக்கு அலைந்தே செத்துப்போவோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிக்காரர் ஆலிக்கோயா ஹாஜி ஒருநாள் இத்தாவின் ஜன்னலுக்கு வந்து, "கவர்மென்டு எடுக்கறதுக்கு முன்னால எங்கிட்ட குடுத்துரு சுலைகா. வீடு இருக்கறப்பவே பணத்தை வாங்கிக்கிட்டா மரியாதையா ஒரு பிளாட்டுக்குப் போயிரலாம்," என்றார். அவரும் நம்பித்தான் வாங்கினாராம். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

டிசம்பரில் ஜூரி வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து மாடல்களைப் பார்த்து, கேள்வி கேட்டு, மார்க் போடுகிற நாள். அன்றைக்கே தெருக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஏற்பாடு. அழைப்புச் சொல்ல லிஜினா மாதக்கணக்கு கழித்துச் சந்துக்குள் இறங்கினாள். முனைவீட்டு முன்னறையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தது.

"எங்க இத்தா, மகள் வீட்டுக்கா?"

"பிளாட்டுக்கு மோளே. ஹாஜிக்கிட்ட அச்சாரம் வாங்கிட்டேன். அடுத்த வாரம் பத்திரம் பதியுது. ரோடு வர்றதுக்கு முன்னால போயிரணும்ல."

"எந்த ரோடு?"

இத்தா வாசலுக்கு வெளியே எட்டி, சுவரிலிருந்த சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

பாக்கெட்டில் டேப் 'சரக்' என்றது. "இத்தா, இது நான் போட்டது! மட்டம் பாக்கறதுக்கு. ரோடும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சத்தியமா."

"நீ சின்னப் புள்ள. உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்களா?"

"பத்திரம் பதியாதீங்க இத்தா. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

இத்தா சாக்கின் மேல் உட்கார்ந்து யோசித்தாள். போக மனமில்லாதவள் காரணம் தேடுகிற முகம் அது. லிஜினாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. "அந்த அட்டையில எங்க சந்தைச் செஞ்சிருக்கீங்களாமே. வந்து பாக்குறேன். அதுல எங்க வீடு இருந்துச்சுன்னா, ஹாஜி மூஞ்சியிலேயே அச்சாரத்தைத் திருப்பிக் குடுத்துர்றேன். போதுமா?"

லிஜினா மனதுக்குள் மாடலின் முனையைப் பார்த்தாள்; அங்கே மரம்தான் நின்றது. "மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வாங்க இத்தா," என்று மட்டும் சொன்னாள். "காலையில வேணாம். கூட்டமா இருக்கும்."

மாடிக்கு ஓடிவந்து சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜயதேவன் சார் கெட்டவர் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம் மாடலைப் பார்த்தார். "முற்றத்தை எடுத்துட்டா உன் டிசைன்ல என்ன மிச்சம் லிஜினா? காலையில ஜூரி முடியட்டும். மத்தியானம் நீ என்ன வேணும்னாலும் ஒட்டிக்கோ."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலைக்குள் அவள் அந்த வீட்டைச் செய்து முடித்தாள். தீப்பெட்டியைவிடச் சின்னது. ஓட்டுக்கு வரிவரியாகக் கீறல், ஜன்னலுக்கு மரச்சட்டம், மேற்கே அடுப்படிக் கதவு. அளவெல்லாம் கையில் இருந்ததே. அந்த மாடலிலேயே அவ்வளவு நுணுக்கமாகச் செய்தது அதைத்தான் என்று ஷிபின் சொல்வான். மரம் வெறும் ஊசியில் குத்தியிருந்தது, பிடுங்கினால் வந்துவிடும். வீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஜூரிக்கு வந்த மேடம் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். லிஜினா முறை வந்தபோது பதினோரு மணி இருக்கும். சுவரில் வரைபடங்கள், நடுமேஜையில் மாடல், கையில் ஸ்டீல் ஸ்கேல். மாதக்கணக்காக மனப்பாடம் செய்துவைத்த பேச்சு தடங்கலில்லாமல் ஓடியது. நெருக்கடி, காற்று, நிழல், முற்றம். மேடம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அழகா இருக்கு. இந்த எடத்துல இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணும் பெரிசா இல்ல மேடம். ஒரு பழைய கட்டடம். கண்டிஷன் மோசம். எடுத்துடலாம்."

தேர்வுக்குப் படித்த வரி. கேள்வி வந்ததும் தானாக வாயிலிருந்து விழுந்தது. சொல்லி முடித்துப் பார்த்தால், மேடத்துக்குப் பின்னால், கறுப்புத் தட்டம் போட்டுக்கொண்டு சுலைகா இத்தா நிற்கிறாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். 'பெரிய பரீட்சையாமே, புள்ள சாப்பிடாம நிக்கும்' என்று லுஹருக்குக் காத்திருக்காமல் வந்துவிட்டாள்.

இத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜையருகே வந்தாள். சந்து தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தாள். டீக்கடை. கிணறு. ஹாஜியுடைய கிட்டங்கி. விரல் மெதுவாக முனைக்கு வந்து, பஞ்சில் செய்த மரத்தில் நின்றது. மரத்தடியில் அட்டையில் வெட்டிய இரண்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

லிஜினாவின் கை சட்டைப் பைக்குப் போனது. மேடம் மார்க் எழுதிக்கொண்டிருந்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்றால், ஒரு பெண் தட்டத்தைச் சரிசெய்துகொள்கிற நேரம்.

"மரம் நல்லாருக்கு மோளே," என்றாள் இத்தா. "நெழல் விழும்." பொட்டலத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நடந்துவிட்டாள். பொட்டலம் சூடாக இருந்தது.

மேடம் நகர்ந்ததும் லிஜினா ஓடினாள். லிஃப்ட் முழுக்க மூட்டை; படியில் விழுந்தடித்து இறங்கினாள். சந்து முனையில் இத்தா மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

"அது நெஜமில்ல இத்தா. மார்க்குக்காகப் பண்றது. நாங்க வருசா வருசம் ஏதாவது ஒரு தெருவை இடிப்போம், கட்டுவோம், எல்லாம் பேப்பர்லதான். இதோ பாருங்க, உங்க வீடு. மத்தியானம் நீங்க வர்றப்ப வெச்சிருப்பேன்."

இத்தா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். மாவு ஒட்டின உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுப்படிக் கதவு மேக்கால. ஜன்னல்ல ஒரு கட்டை ஒடிஞ்சிருக்கும், அதைக்கூட விடலியே நீ." முகம் மலர்ந்து, அப்புறம் வாடியது. "இவ்வளவு சரியா அளந்திருக்கே. அப்போ ரோட்டையும் சரியாத்தான் அளந்திருப்பே."

"இத்தா..."

"ஒனக்கு மேல இருக்கறவங்க வாயத் தொறக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. எம்மேல இருக்கற பிரியத்துல இல்லேங்கறே. எனக்குப் புரியாதா மோளே? நீ அழாதே." வீட்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பத்திரம் பதிந்தது. ரோடு வரவில்லை. அப்படி ஒரு திட்டமே கிடையாது என்று வார்டு கவுன்சிலர் பிறகு டீக்கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று டீக்கடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹாஜி நடுச்சுவரைத் திறந்து வீட்டைக் கிட்டங்கியோடு சேர்த்துக்கொண்டார். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, வெளிச்சுவருக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தார். இப்போது சந்திலேயே சிவப்பு இல்லாத சுவர் அது ஒன்றுதான். அதைத் தாண்டும்போது லிஜினா துணியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வேகமாக நடக்கிறாள்.

அந்த மாடலுக்கு வகுப்பிலேயே அதிக மார்க். டவுன் காம்பஸில் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் காட்டி, "முற்றம்னா இப்படி இருக்கணும்," என்கிறார்கள். அதனாலேயே அவள் பின்பக்கப் படியில் ஏறிப்போகிறாள். இப்போது கடைசி வருடம். அளவெடுக்கப் போனால் சாக்பீஸைக்கூடத் தொடமாட்டாள். எல்லாவற்றையும் மனதிலும் தாளிலும்தான் குறித்துக்கொள்வாள். ஷிபின், "நாம ஒண்ணும் வேணும்னு பண்ணலியே லிஜி," என்று ஒருநாள் ஆரம்பித்தான். "நீ பேசாம இரு. நீ பேசினது போதும்," என்றாள். பிறகு தன்னையே சொல்லிக்கொள்கிற மாதிரி, "நான் பேசாததும் போதும்," என்றாள்.

போன மாதம்தான் அவளுக்குத் துணிவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்த்து முடித்த கையோடு பஸ் ஏறி, மெடிக்கல் காலேஜ் தாண்டி அந்த பிளாட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. புத்தம்புது வெள்ளைச் சுவர்.

"யாரு, லிஜியா! வா வா வா. எளைச்சுப் போயிட்டியே. ஆஸ்டல்ல மண்ணைப் போடுறாங்களா?" பழைய குரல்தான். குளியலறையில் லிஜினா கையைச் சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். இத்தா பத்திரி வைத்தாள். இப்போது ஓர் ஆளுக்கு மட்டும் சுடுகிற அடுப்பு. "ஓட்டல்காரன் மூணு மாடி ஏறி வருவானா மோளே? விட்டாச்சு. முட்டியும் வலிக்குது." ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாக எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. பேச்சுத்துணைக்கு டிவி.

லிஜினா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இத்தா, நான்தான் எல்லாத்துக்கும் காரணம். ஷிபின் சொன்னப்பவே நான் இல்லேன்னு சொல்லியிருக்கணும். அன்னைக்கு மாடல்ல அதை எடுத்து வெச்சிருக்கணும். கை பைக்குள்ளதான் இருந்துச்சு."

"போனது போச்சு. ரோடு இல்லேன்னு கவுன்சிலர் சொன்னாராம்ல, மகள் சொன்னா." இத்தா இன்னொரு பத்திரியை எடுத்து அவள் தட்டில் வைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றினாள். "நீ தின்னு மோளே. ஆறிப்போகும்."

அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் கோணவில்லை. புறப்படும்போது தலையில் கைவைத்து, "அடிக்கடி வா," என்றாள். லிஜினாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது தடுமாறி, ஒரு கையைக் கதவோரச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

பாதிப் படியில் பையை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பி ஏறினாள். வாசல் திறந்தே இருந்தது. சுலைகா இத்தா வெளியே வந்து, அவள் கை ஊன்றிய இடத்தில் முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தட்டத்தின் நுனியை விரலில் சுற்றி, சிவப்பு எதுவும் ஒட்டாத அந்த வெள்ளைச் சுவரைத் துடைத்தாள், தள்ளி நின்று பார்த்தாள், மறுபடி துடைத்தாள்.